ஸ்கேன் முடிஞ்சது, சுண்டெலி மூளைக்கு வேலை இனிமேதான்!

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து டாக்டர் "இங்க ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது"ன்னு சொல்றார்னு வைங்க. அந்தப் புள்ளி உண்மையில் என்ன? வீக்கமா? நரம்பிழை அறுந்து போச்சா? நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்பு உறை கரைந்து போச்சா? ஸ்கேனருக்குத் தெரியாது. அது நேரடியாக அளப்பது பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை. அந்தத் தண்ணீர் எவ்வளவு இருக்கு, எந்தப் பக்கம் தாராளமாக நகருது, எங்கே முட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். மீதி எல்லாம் நாம் செய்யும் ஊகம்.

ஊகம் சரியான்னு பார்க்க ஒரே நேர்மையான வழி, அதே இடத்தை வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அதுக்குப் பேர்தான் ஹிஸ்டாலஜி. உயிரோடு இருக்கிற மனிதனிடம் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் ஆய்வகங்களில் சுண்டெலி.

ஒரு உண்மைக் கதை. ஷிவரர் என்று ஒரு வகைச் சுண்டெலி உண்டு. மையலினை இறுக்கிக் கட்டும் ஒரு புரதம் அதன் உடலில் உருவாகாது. உறை சரியாக அமையாததால் நடுங்கும், பெயரே அதனால்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷெங்-க்வெய் சாங் குழுவினர் இந்த எலி மூளையில் தண்ணீரின் நகர்வை அளந்து 2002ல் வெளியிட்டார்கள். நரம்பிழையை ஒரு ஸ்ட்ரா மாதிரி நினைச்சுக்கோங்க. நீளவாக்கில் தண்ணீர் ஓடும் வேகம் மாறவில்லை. குறுக்குவாக்கில் நகர்வது மட்டும் கூடியிருந்தது. சுவர் மெலிந்தால் பக்கவாட்டில் தடை குறையும், லாஜிக் சரிதானே?

சரிதான், ஆனால் பிறவியிலேயே உறை இல்லாத எலியில் பார்த்தது, நோயால் உறை கரையும்போதும் பொருந்துமா? 2005ல் அடுத்த கட்டுரை. இந்த முறை குப்ரிசோன் என்ற பொருளைத் தீவனத்தில் 0.2% கலந்து கொடுத்தார்கள். இது மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் மையலினைக் கரைக்கும். தீவனத்தை நிறுத்தினால் உறை மறுபடி வளரும். உறை கரையக் கரைய குறுக்கு நகர்வு கூடியது, வளர வளரக் குறைந்தது. அதைவிட முக்கியமான விஷயம், நரம்பிழையே காயப்படுவதைக் காட்டும் ஒரு புரதத்தைத் தனியாகச் சாயமேற்றிப் பார்த்ததில், அந்தக் காயம் உறை கரைவதற்கு முன்பே உச்சத்தில் இருந்தது தெரிந்தது. அதாவது ரெண்டும் வேற வேற நேரத்தில் நடக்கும் வேற வேற சேதம். ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளியின் எம்.ஆர்.ஐ.யை வாசிக்கும் விதத்தில் இந்த மாதிரி வேலைகளுக்குப் பங்கு உண்டு.

இப்போ கேள்வி இதுதான்: ஸ்கேனரிலிருந்து வெளியே வந்த அந்த மூளையை, எப்படி மைக்ராஸ்கோப் வரை பத்திரமாகக் கொண்டு போவது? சுமார் அரை கிராம் எடை, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். ஒரு எலிக்கு ஒன்றுதான் இருக்கு. சொதப்பினால் ஸ்கேன் டேட்டாவுக்குச் சாட்சியே இல்லை, எலியின் உயிரும் வீண். (நான் ஈ.சி.இ. என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் என்பதால்தான் இதற்குள் வந்தேன். பயோமெடிக்கல் நண்பர்கள் "எங்க ஏரியா"ன்னு கோபிக்க வேண்டாம்.)

ஸ்கேனுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது

மயக்க மருந்தை முழுமையாகக் கொடுத்த பிறகு, இதயத்தின் வழியாக முதலில் உப்புக்கரைசலைச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றுவார்கள். அடுத்து 4% பாராஃபார்மால்டிஹைடு. ரத்தத்தை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எடுக்கணும்? ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கலைக்கும், எம்.ஆர்.ஐ.யில் கறுப்புத் திட்டு விழும். அதே ரத்த அணுக்கள் மைக்ராஸ்கோப்பில் சாயமே இல்லாமல் தானாக ஒளிரும். ரெண்டு பக்கமும் தொல்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் எம்.ஆர்.ஐ.காரருக்கும் ஹிஸ்டாலஜிகாரருக்கும் ஒரே தேவை. இதுக்கப்புறம் சண்டைதான்.

ஃபார்மால்டிஹைடு திசுவைக் கெட்டியாக்கும் என்பதை 1893ல் சொன்னவர் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் ப்ளூம். கிருமிநாசினியாகச் சோதிக்கும்போது தன் விரல் நுனித் தோலே இறுகிப் போனதைக் கவனித்திருக்கிறார். புரதங்களுக்கு நடுவே அது சின்னச் சின்னப் பாலங்களைப் போட்டு எல்லாத்தையும் அந்தந்த இடத்திலேயே பூட்டிவிடும். ஹிஸ்டாலஜிக்கு இது வரம். எம்.ஆர்.ஐ.க்கு? திசுவில் தங்கிய ஃபார்மால்டிஹைடு கரைசல் டி2 நேரத்தைக் குறைக்கும், சிக்னல் சீக்கிரமே அடங்கிப்போகும். அதனால் ஸ்கேனுக்கு முன் பி.பி.எஸ். எனப்படும் பாஸ்பேட் பஃபர் உப்புக்கரைசலில் பல நாள் ஊறவைத்துக் கழுவுவார்கள். கூடவே காடோலினியம் சேர்மத்தையும் கொஞ்சம் ஊறவிடுவார்கள். டி1 குறையும், அதே நேரத்தில் அதிக முறை அளக்கலாம்.

அவ்வளவு கஞ்சத்தனம் ஏன்னு கேட்டால், கணக்குப் போட்டுப் பாருங்க. ஆஸ்பத்திரி ஸ்கேனில் ஒரு வாக்ஸல் 1 மி.மீ. கனசதுரம்னு வைப்போம். எலி மூளைக்கு 50 மைக்ரான் வேணும். ஒரு பக்கம் 20 மடங்கு சிறிது, கன அளவில் 8000 மடங்கு சிறிது. சிக்னலும் அதே விகிதத்தில் குறையும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும்தான், ஆனால் வர்க்கமூல விகிதத்தில். 8000 மடங்கை அப்படி மட்டுமே ஈடுகட்டணும்னா 6 கோடியே 40 லட்சம் தடவை அளக்கணும். நடக்காது. அதனால்தான் 7 அல்லது 9.4 டெஸ்லா காந்தம், மூளையை ஒட்டி உட்காரும் குட்டிக் காயில், காடோலினியம், அதுக்கு மேல் ராத்திரி முழுக்க ஓடும் ஸ்கேன்.

ராத்திரி முழுக்க ஓடணும்னா மூளை காயக்கூடாது. தண்ணீரில் போட்டால் சுற்றியிருக்கும் தண்ணீரே பெரிய சிக்னலாக வந்து படத்தைக் கெடுக்கும். இங்கே வருது ஃபாம்ப்ளின். வாக்குவம் பம்பில் ஊற்றும் எண்ணெய் அது! ஹைட்ரஜனே கிடையாது என்பதால் எம்.ஆர்.ஐ.யில் கும்மிருட்டாகத் தெரியும். காந்த ஏற்புத்திறனும் திசுவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஒரு வேடிக்கை, அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 1.9 மடங்கு. மூளை அதில் தக்கை மாதிரி மிதக்கும். அசையாமல் பிடித்து வைக்க ஏதாவது முட்டுக் கொடுத்தே ஆகணும்.

காற்றுக்குமிழி விஷயத்தை மட்டும் சொல்லாமல் போக மனசில்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும் காந்த ஏற்புத்திறன் வித்தியாசம் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு. துச்சமாகத் தோணும். 9.4 டெஸ்லாவில் ஹைட்ரஜன் 400 மெகாஹெர்ட்ஸில் சுற்றுது. அதில் 9 பங்குன்னா 3600 ஹெர்ட்ஸ். ஒரு கடுகளவு குமிழி பக்கத்தில் இருக்கும் பல வாக்ஸல்களின் அதிர்வெண்ணைக் கிலோஹெர்ட்ஸ் அளவில் நகர்த்திவிட்டால் படம் வளைஞ்சு போகும். வாக்குவத்தில் வைத்துக் குமிழியை உறிஞ்சி எடுப்பது அதனால்தான்.

ஸ்கேன் முடிஞ்சாச்சு. இப்போ?

முதல் எதிரி, நமக்கு இவ்வளவு உதவிய ஃபாம்ப்ளினே. அது தண்ணீரில் கலக்காது, ஆல்கஹாலில் கலக்காது. அடுத்து வரப்போகும் கரைசல்கள் எல்லாம் தண்ணீரோ ஆல்கஹாலோ. மேல் படலமாக எண்ணெய் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் எதுவும் உள்ளே ஊறாது. உறையவைக்க ஊற்றும் பசையும் பிடிக்காது. நல்ல வேளை, அந்த அடர்த்தி இங்கே நமக்குச் சாதகம். மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு பி.பி.எஸ்.ஸில் போட்டால் எண்ணெய்த் துளிகள் அடியில் தங்கிவிடும். கரைசலை மாற்றி மாற்றி ஊற்றணும். காடோலினியமும் இதிலேயே மெல்ல வெளியேறிவிடும்.

அடுத்தது மண்டையோடு. பல ஆய்வகங்கள் மூளையை மண்டையோட்டுக்குள் வைத்தே ஸ்கேன் செய்யும். வெளியே எடுத்தால் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் அமுங்கும், வடிவமே மாறும். ஆனால் வெட்டணும்னா எலும்பைக் கழற்றித்தான் ஆகணும். எலும்பை உடைக்கும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாசனைக் குமிழ்களும், சிறுமூளையின் இரு பக்கமும் காதெலும்புக் குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும் குட்டி மடல்களும் பிய்ந்து அங்கேயே தங்கிவிடும் அபாயம் உண்டு. ஸ்கேனில் இருக்கும், கண்ணாடித் தகட்டில் இருக்காது. எந்த இடம் போச்சுன்னு அப்போதே நோட்டில் எழுதி வைத்தால், பின்னாடி ரெஜிஸ்ட்ரேஷன் செய்யும் என்னைப் போன்ற ஆட்கள் அந்த இடத்தை மாஸ்க் போட்டு விட்டுவிடுவோம். எழுதாவிட்டால் அல்காரிதம் இல்லாத திசுவைத் தேடி, இருக்கும் திசுவை இழுத்துக் கோணலாக்கும்.

இப்போ பெரிய முடிவு: மெழுகா, உறைபனியா?

மெழுகு என்றால் பாராஃபின். ஆல்கஹாலின் அளவைப் படிப்படியாகக் கூட்டி 100% வரை கொண்டு போய்த் தண்ணீரை வெளியேற்றி, சைலீனில் முக்கி, 60 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் உருகிய மெழுகில் ஊறவைப்பது. 5 மைக்ரான் மெல்லிசாகக்கூட வெட்டலாம், வருஷக்கணக்கில் கெடாது. விலை என்னன்னா சுருக்கம். ஒரு கணக்குக்கு, ஒவ்வொரு பக்கமும் 15% சுருங்கினால் 0.85 × 0.85 × 0.85, அதாவது மிஞ்சுவது 61% கன அளவுதான். கூடவே ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைக்கும். மையலினில் பெரும்பகுதி கொழுப்பு. லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ மாதிரிச் சாயங்கள் மெழுகிலும் மையலினை நீலமாகக் காட்டும் என்பதால் இந்த வழி செல்லாதுன்னு சொல்ல முடியாது. ஆனால் எம்.ஆர்.ஐ.யோடு புள்ளிக்குப் புள்ளி பொருத்தணும்னா என் ஓட்டு உறைபனிக்குத்தான். சுருக்கம் அதில் குறைவு.

உறையவைப்பதிலும் தண்ணீர்தான் வில்லன். ஐஸாகும்போது சுமார் 9% விரியும், பெரிய பெரிய படிகமாக வளர்ந்து செல்களைக் குத்திக் கிழிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சல்லடை. மருந்து என்ன தெரியுமா? சர்க்கரை. அதே சுக்ரோஸ். 15% கரைசலில் ஆரம்பித்து 30%க்கு மாற்றுவார்கள். 30% சர்க்கரைத் தண்ணீர் மூளையைவிட அடர்த்தி கூட, அதனால் முதலில் மிதக்கும். ரெண்டு மூணு நாளில் சர்க்கரை உள்ளே ஏறியதும் மெதுவாக அடியில் போய் உட்காரும். அதுதான் சிக்னல். கடிகாரம் பார்த்து எடுக்கக்கூடாது, மூழ்கியதைப் பார்த்துத்தான் எடுக்கணும். இந்த அளவுக்கு எளிமையான சென்சார் நம் லேப் எதிலும் நான் பார்த்ததில்லை.

பிறகு ஓ.சி.டி. என்ற பசையில் நிறுத்தி, ட்ரை ஐஸால் குளிரவைத்த ஐசோபென்டேனில் வேகமாக உறையவைப்பார்கள். "இன்னும் குளிரான திரவ நைட்ரஜனிலேயே முக்கிடலாமே?"ன்னு தோணும். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படித்தவர்கள் சொல்லுங்க! லைடன்ஃப்ராஸ்ட் விளைவு. நைட்ரஜன் உடனே கொதித்து மூளையைச் சுற்றி வாயுப் போர்வை போர்த்திக்கொள்ளும், எதிர்பார்த்த வேகத்தில் குளிராது. திசு விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. ஐசோபென்டேன் கொதிக்காமல் ஒட்டி நின்று வெப்பத்தை உறிஞ்சும்.

கோணம்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். மூளையின் அகலம் சுமார் 10 மி.மீ. வெட்டும் தளம் ஸ்கேன் தளத்தைவிட 5 டிகிரி சாய்ந்தால் என்ன ஆகும்? 10 × டான் 5 = 0.87 மி.மீ. அதாவது ஒரே வெட்டில் இடது ஓரமும் வலது ஓரமும் மூளையின் முன்பின் திசையில் 0.87 மி.மீ. தள்ளி இருக்கும். 50 மைக்ரான் வாக்ஸலில் 17 வாக்ஸல்! ஒரு பக்கம் ஹிப்போகாம்பஸ் வந்திருக்கும், மறுபக்கம் இன்னும் வந்திருக்காது. அந்தத் தகட்டை எம்.ஆர்.ஐ.யின் எந்த ஒற்றை ஸ்லைஸோடும் பொருத்த முடியாது.

இதைக் குறைக்க, காடி வெட்டிய அச்சில் மூளையை வைத்து வெட்டுவார்கள். இன்னும் புத்திசாலித்தனமான வழி ஒன்று இருக்கு: எம்.ஆர்.ஐ. டேட்டாவையே எடுத்து, அந்த மூளைக்கென்றே அச்சளவாக 3டி பிரிண்ட்டில் அச்சு செய்வது. காடிகளை ஸ்கேன் தளத்துக்கு இணையாகவே டிசைன் செய்துவிடலாம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதில் நல்ல ப்ராஜெக்ட் இருக்கு. இன்னொன்று, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் உறைந்த கட்டியின் மேல்பரப்பை அசையாத கேமராவால் படம் பிடிப்பது. வெட்டிய துண்டு மடங்கலாம், கிழியலாம். கட்டி அப்படியே நிற்கும். அந்தப் படங்களை அடுக்கினால் எம்.ஆர்.ஐ.க்கும் ஹிஸ்டாலஜிக்கும் நடுவில் ஒரு 3டி பாலம் கிடைத்துவிடும்.

வெட்டுவது க்ரையோஸ்டாட்டில், மைனஸ் 20 டிகிரியை ஒட்டி. 40 மைக்ரான் தடிமன் என்றால் 15 மி.மீ. மூளையில் 375 துண்டுகள். ஒவ்வொன்றையும் மெல்லிய தூரிகையால் எடுத்து, எண் போட்ட குழித்தட்டில் மிதக்கவிடுவார்கள். மிதக்கும் துண்டு குப்புற விழுந்தால் இடமும் வலமும் மாறிடும். எலி மூளை பார்க்க அவ்வளவு சமச்சீர். ஒரு பக்கம் மட்டும் சேதம் செய்த ஆய்வென்றால் கதையே தலைகீழ். அதற்காக, வெட்டும் முன் ஒரு பாதியில் மட்டும் ஊசியால் நீளவாக்கில் ஒரு சின்னத் துளை போட்டுவிடுவார்கள். எல்லாத் துண்டிலும் அந்தப் புள்ளி வரும். எத்தனை ஜிபியு இருந்தாலும் இந்த ஊசித் துளைக்கு ஈடில்லை.

சாயம் எதுன்னு தீர்மானிப்பது கேள்வியைப் பொறுத்தது. செல்களின் அமைப்பு தெரியணும்னா நிஸ்ல் சாயம்; அதுதான் அட்லஸோடு ஒப்பிட வசதி. மையலினுக்கு நான் சொன்ன லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ அல்லது மையலின் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி. அழற்சியைப் பார்க்க ஆஸ்ட்ரோசைட், மைக்ரோக்லியா செல்களுக்கான ஆன்டிபாடிகள்.

ஆன்டிபாடி என்றதும் பழைய சண்டை திரும்ப வருது. எம்.ஆர்.ஐ.காரர் வாரக்கணக்கில் வைத்திருந்த மூளை இது. அத்தனை நாளும் ஃபார்மால்டிஹைடிலேயே கிடந்திருந்தால் பாலங்கள் கூடிக் கூடி, ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மூடிப்போகும். சாயம் ஏறாது. "சாயம் ஏறவில்லை, ஆகவே அந்தப் புரதம் இல்லை"ன்னு எழுதிவிட்டால் பேப்பரே தப்பு. 1991ல் ஷி, கீ, கல்ரா மூவரும் ஒரு வழி சொன்னார்கள்: வெட்டிய துண்டை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்குவது! வெப்பம் அந்தப் பூட்டைத் தளர்த்தும். இன்று சிட்ரேட் கரைசலில் சூடாக்குவது சாதாரண நடைமுறை. ஆனால் மெல்லிய உறைபனித் துண்டு அந்தச் சூட்டில் சுருளலாம். அதனால் நல்ல ஆய்வகங்கள் ஃபார்மால்டிஹைடில் ஓரிரு நாளுக்கு மேல் விடாமல் பி.பி.எஸ்.ஸுக்கு மாற்றி, பூஞ்சை வராமலிருக்க சோடியம் அசைடு துளி சேர்த்து, குளிர்பெட்டியில் காத்திருக்க வைக்கின்றன. ஸ்கேன் செய்யாத எலி மூளை ஒன்றையும் அதே நாட்கள் அதே கரைசல்களில் வைத்து, கூடவே சாயமேற்றுவதும் உண்டு. சாயம் மங்கினால் அது நோயாலா, காத்திருந்ததாலா என்று அப்போதுதான் பிரிக்க முடியும்.

இதெல்லாம் தாண்டி வந்த படம்தான் என் லேப்டாப்புக்கு வரும். முதலில் சுழற்சி, நகர்த்தல், அளவு மாற்றம். பிறகு நான்-லீனியர் வளைப்பு. ஏஎன்டிஎஸ், இலாஸ்டிக்ஸ் என்று இலவச மென்பொருட்கள் இருக்கு. சீரான சுருக்கத்தை அவை அழகாகச் சரிசெய்யும். கிழிசலை முடியாது, இல்லாத திசுவுக்கு இடப்பெயர்ச்சி என்று ஒன்று கிடையாதே.

கைவைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: சியாட்டிலின் ஆலன் இன்ஸ்டிட்யூட் 1675 சுண்டெலி மூளைகளைச் சராசரி செய்து, 10 மைக்ரான் வாக்ஸலில் ஒரு 3டி அட்லஸை இலவசமாகக் கொடுக்குது. எலி இல்லை, ஃபார்மலின் நாற்றம் இல்லை. 25 மைக்ரான் பதிப்பை இறக்கினால் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். பைத்தானில் திறந்து நேர்த் தளத்தில் ஒரு ஸ்லைஸ் எடுங்க, அதே இடத்தில் 5 டிகிரி சாய்த்து இன்னொன்று எடுங்க. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்குன்னு பாருங்க.